பதினோராம் தடம்

பேய்களுக்கும் ஒரு வரிசை வேண்டியிருக்கிறது.
முதலில் யார், கடைசியில் யார்,
எந்த ஓலத்தின் வாலைப் பிடித்து எந்த ஓலம் வருவது என்று.
அக்டோபர் இருபதிலிருந்து
சமையல் மேசையில் மடிக்கணினியும் ஆறிய காப்பியுமாக
இதே வேலை எனக்கு.
ரொம்பப் பயந்தால் படியேற மாட்டார்கள்,
பயமே இல்லையென்றால் மதிக்க மாட்டார்கள்.

டுலூத்தில் ஏரிக்காற்றே பாதிப் பேய்.
ஹாலோவீன் இரவில் இங்கே
எலும்புக்கூடும் கம்பளிக் கோட்டு போட்டுத்தான் வரும்.
போன வருஷம் வாசலில் நின்றவனைக் கேட்டேன்,
நீ என்ன வேஷம்?
ஸிப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினான்:
புலி.

ஆர்கனில் தொடங்கினேன், எல்லாரையும் போல.
அடுத்து, ரம்பத்தை வில்லால் வாசிக்கும் ஒரு பெண்.
அழுகையா விசிலா, கடைசிவரை சொல்ல மாட்டாள்.
அப்புறம் ஓநாய்.
நான்காவதாக, வெட்கமில்லாமல், என் பிழைப்பு:
பல் மருத்துவமனையில் நானே பதிவு செய்த
துளைகருவியின் ரீங்காரம், நாற்பது வினாடி.
நாளெல்லாம் சர்க்கரை வேண்டாம் என்கிற வாய்
ஓர் இரவு மட்டும்
வாளி நிறையச் சாக்லேட்டோடு காத்திருக்கிறதே,
அதற்குப் பரிகாரம்.

கீழ்வீட்டு எய்னோ ரவுட்டியோவை வெள்ளோட்டத்துக்குக் கூப்பிட்டேன்.
நாற்பது தாண்டாதவர்,
இரவெல்லாம் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவர்.
ஓநாய்க்குச் சிரித்தார்.
"நாய் இது. பசி."
கதவுக் கிரீச்சுக்கு, எண்ணெய் விடச் சொன்னார்.
துளைகருவிக்கு மட்டும் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

எதுதான் பயம் உங்களுக்கு?

பிஸ்கட்டைக் காப்பியில் முக்கினார்.
அது உடைந்து மூழ்கும்வரை பேசவில்லை.
"ஒரு ஜனவரி. மணி மூன்று. மைனஸ் முப்பது.
நாலாவது தெருவில் நான் மட்டும்.
ஐஸ்கிரீம் வண்டிப் பாட்டு கேட்டது."
வண்டி?
"பாட்டு மட்டும்."

தேடி எடுத்தேன் அந்த மாதிரி ஒன்றை.
டிங் டிங்கென்று ஓயாமல் இளிக்கிற,
முழங்கை வரை உருகி வழிகிற ஜூலைப் பாட்டு.
வேகத்தைக் குறைக்கவில்லை, எதிரொலி சேர்க்கவில்லை,
அப்படியே வைத்தேன், பதினோராவதாக.
பன்னிரண்டில் மழை.

முப்பத்தொன்று மாலை, ஐந்துக்கே பனி பிடித்துக்கொண்டது.
ஜன்னலில் ஒலிபெருக்கி.
ஆர்கனுக்கு ஒருத்தரும் அசையவில்லை.
ஓநாய்க்கு எதிர்ஊளை விட்டது ஒரு புலி
(போன வருஷத்துப் புலிதான், கோட்டு புதிது).
துளைகருவிக்கு ஓர் அப்பா வாயை இறுக்கி மூடினார்.

பதினொன்று.
படியேறிக்கொண்டிருந்த ஒன்பது பிள்ளைகளும் நின்றார்கள்.
ஒருத்தரும் அலறவில்லை.
திரும்பினார்கள்,
பைகளைப் படியிலேயே போட்டுவிட்டு
ஓடினார்கள், தெருவுக்கு.
வாளியை நீட்டியபடி நான்.
அந்த அப்பாவும் பர்ஸைத் திறந்துகொண்டே பின்னால் போனார்.

கம்பத்து விளக்கின் கீழே பனி மட்டும் இருந்தது.
அதைச் சுற்றி நின்றார்கள்,
குதிகால் உயர்த்தி,
வெனிலாவா ஸ்ட்ராபெரியா என்று
முடிவு செய்ய முடியாத முகங்களோடு.

பாட்டு தீர்ந்தது. மழை தொடங்கியது.
ஒவ்வொருவராய் வந்து பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.
நன்றி சொன்னது புலி மட்டும்.
கொஞ்ச நேரத்தில் பனியும் நின்றுவிட்டது.

விடிவதற்கு முன் லாரிச் சத்தம்.
எங்கள் தெருவைக் கடைசியாகத்தான் வழிப்பார் எய்னோ.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
சின்னச் சின்னத் தடங்கள், நீள்சதுரமாய், சுற்றிலும்.
நடுவில் ஒன்றுகூட இல்லை,
ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு.

லாரி வேகம் குறைத்தது. நின்றது.
இறங்குவார் என்று நினைத்தேன்.
இறங்கவில்லை.
அலகை உயர்த்தி,
அந்த இடத்தைச் சுற்றி வளைத்து
ஓட்டிக்கொண்டு போனார்.