முதுகு வரையாத பெஞ்சு

திரையில் அது பதினாறு கட்டம் அகலம்.
கட்டத்துக்கு ஏழு சென்டிமீட்டர் என்று
செவ்வந்தி கணக்குப் போட்டாள்.
யீஷூனில் பதினோராம் மாடி,
வரவேற்பறை முழுக்க மரத்தூள்.
வளைய வேண்டிய கைப்பிடி வளையாமல்
படிப்படியாய் இறங்குகிறது, ஆட்டத்தில் போலவே.
தேய்த்து வழவழப்பாக்கிவிடாதே என்று
மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

ஐந்து மணிக்குத் துளைப்பானை நிறுத்தினோம்.
ஐந்து ஐந்துக்குக் கீழ்வீட்டுத் திருமதி கோ வந்தார்,
சத்தம் ஏன் நின்றதென்று பார்க்க.
சுவரில் ஒட்டிய படத்தை
மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.
“பின்பக்கம் எப்படி இருக்கும்?”

நானூறு மணிநேரம் ஆடியிருக்கிறேன்.
அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால்தான்
அதுவரை வந்த தூரம் கணக்கில் ஏறும்.
எத்தனை முறை செத்து
அதே பலகையில் கண்விழித்திருக்கிறேன்!
முன்பக்கத்தின் ஒவ்வொரு பழுப்பும் மனப்பாடம்.
முதுகை யாரும் வரையவே இல்லை.

இரவு அதைத் திருப்பிப் போட்டோம்.
யாரோ பிடுங்கிய ஆணியின் துளைகள்,
கிராஞ்சிக் கிடங்கு முத்திரை,
பாதி அழிந்த அம்புக்குறி:
இந்தப் பக்கம் மேலே.
அம்பு தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.
சாயத் தூரிகையை எடுத்தவள்
திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.
“இருக்கட்டும்.”

நிமிர்த்தி, உட்கார்ந்தோம்.
எந்த மணியும் ஒலிக்கவில்லை.
கீழே கடைசிப் பேருந்து
வளைவில் மூச்சுவிட்டுத் திரும்பியது.
ஒரு கால் மட்டும் லேசாக ஆடுகிறது.
அட்டையை மடித்துச் செருக வேண்டும்.
யார் எழுவது என்பதில்தான்
இன்னும் முடிவாகவில்லை.