பதில் வராத நாள்

இரவு மருந்துக்கடையில் எனக்கு வேலை.
புந்தா அரேனாஸின் காற்று கதவைத் தள்ளும்போதெல்லாம்
ஆள் வந்துவிட்டதென்று தலை நிமிர்வேன்.
இருமல் மருந்துப் புட்டியில் சாய்த்துவைத்த கைபேசியில்
மூன்று பேர் இருப்பார்கள்.

வார்தோவிலிருந்து ஹால்வார்
சன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் படமெடுத்து அனுப்புவான்.
தினமும். வேறொன்றும் எழுதமாட்டான்.
நுகுஸில் குல்பர்ஷின் பொய்ப்பல் செய்கிறவள்;
யாருடைய சிரிப்போ அவள் மேசையில் காய்ந்துகொண்டிருக்கும்.
எனுகுவில் நுவாந்தோ பிள்ளைகளின் சீருடைகளைத் தேய்த்தபடி
பேசிப் பேசி அனுப்புவாள்.
பாதியில் மின்சாரம் போனால் தன் மொழியில் ஒரு வசவு.
அதை நாங்கள் மூவரும் கற்றுக்கொண்டோம்,
பேருந்தைத் தவறவிடும்போது உதவுகிறது.

எண்களைக் கூட்டும் ஏதோ ஒரு விளையாட்டில்
ஒரே அணியில் தள்ளப்பட்டவர்கள் நாங்கள்.
அதை நடத்திய கம்பெனி மூடிவிட்டது.
எங்கள் வாயை மூட ஆளில்லை.
மூவரின் ஆங்கிலம் அரைகுறை,
நுவாந்தோ பொறுத்துக்கொள்வாள்.

எனக்குக் குழந்தை தங்காமல் போன வாரம்
குல்பர்ஷின் வேலைக்கு நடுவே அழைப்பைத் திறந்தே வைத்திருந்தாள்.
பல் ராவும் சத்தத்தில் தூங்கிப்போனேன்.
என்ன சொல்வதென்று தெரியாத ஹால்வார்
ஒரே நாளில் ஒன்பது முறை
வெப்பமானியை அனுப்பினான்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அது வரவில்லை.
வெள்ளியும் வரவில்லை.
இங்கே இரவு பத்துக்கும் வெளிச்சம் போகாத மாதம்,
அங்கே சூரியன் எட்டிப்பார்க்காத மாதம்.
"தூங்குகிறான்" என்று எழுதினேன்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான்.

குல்பர்ஷின் வரைபடத்தைத் திறந்து தெருத்தெருவாகப் போய்
ஒரு பெட்ரோல் பங்கின் எண்ணைக் கண்டுபிடித்தாள்.
நுவாந்தோ கூப்பிட்டாள்.
"சன்னலில் வெப்பமானி தொங்கும் வீடு."
"இங்கே எல்லா வீட்டிலும் தொங்கும்" என்றாள் பங்க் பெண்.
"பெயர் ஹால்வார்."
"நாய்க்குத் தொப்பி போடுகிறவரா?"

இரண்டு வருடப் பழக்கம்.
அவனிடம் நாய் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

நாற்பது நிமிடம்.
ஒரு கிழவருக்குச் சில்லறையை அதிகமாகக் கொடுத்தேன்,
அவர் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.
பிறகு தெரியாத எண்ணிலிருந்து:
"ஹால்வார். கைபேசி கடலில் விழுந்துவிட்டது.
இதற்கா ஆள் அனுப்பினீர்கள்?"
சற்று நேரம் கழித்து:
"மைனஸ் எட்டு."
நுவாந்தோ அந்த வசவைச் சொல்லி அழுதாள்.

மறுநாள் பங்க் பெண்ணின் எண்ணை அவனே அனுப்பினான்.
கீழே ஒரு கேள்வி: "உங்களுக்கு யார்?"
குல்பர்ஷின் நாத்தனாரின் எண்ணைக் கொடுத்தாள்,
சண்டைக்காரிதான், ஆனால் ஓடி வருவாள்.
நுவாந்தோ ஏழு எண்கள் கொடுத்தாள்.
நான் மூன்று நாள் எதுவும் எழுதவில்லை.

நான்காம் நாள், வேலை முடிந்து
ரொட்டிக்கடையில் நின்றேன்.
ஆறு வருடமாக வாங்குகிறேன், பெயர் கேட்டதில்லை.
"உங்கள் எண் வேண்டும்.
நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தால்
நைஜீரியாவிலிருந்து ஒருத்தி உங்களைக் கூப்பிடுவாள்."
மாவுக் கையை முந்தானைத் துணியில் துடைத்தாள்.
"ஸ்பானிஷ் பேசுவாளா?"
"மாட்டாள்."
யோசித்தாள். ரொட்டி சுற்றும் தாளைக் கிழித்து
எண்ணை எழுதி, கீழே ஓர்த்தென்சியா என்று எழுதினாள்.
"எந்த வீடு?"

காற்றில் அடித்துக்கொண்ட கதவை
முதுகால் பிடித்துக்கொண்டு காட்டினேன்:
அந்தப் பச்சைத் தகரக் கூரை,
மாடியில் இரண்டாவது சன்னல்.
விளக்கு எரியாவிட்டாலும் தட்டுங்கள்.