நின்றால் மட்டும்

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
எசென்குல் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது
சந்தையில் இறங்கிப் போனவர்களின் மூச்சு
கண்ணாடியின் உட்புறம் பூப்பூவாய் உறைந்திருந்தது.

"ஓடும்போது சுடுகிறது, உல்ஜான் அக்கா.
நின்றால் ஐஸ்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே
கூலியில் பாதியைக் கழித்துவிடலாம்.
நாரினில் மற்ற டிரைவர்கள்
"ஹீட்டர் சரியில்லை" என்பதோடு
சாவியை வீசிவிட்டுப் போவார்கள்.

முள் நடுவில் நிற்கிறது.
எஞ்சினுக்குக் காய்ச்சலில்லை, ஜன்னியும் இல்லை.
தெர்மோஸ்டாட்டை விட்டுவிடலாம்.
விசிறியைத் திருகினேன்,
காற்று தாராளமாகத்தான் வந்தது,
மலை உச்சியிலிருந்து நேரே வருவதுபோல.
பானட்டைத் தூக்கி, கையுறையைக் கழற்றி
ஹீட்டருக்குள் போகும் குழாயையும்
வெளியே வரும் குழாயையும் பிடித்தேன்.
ஒன்று சுட்டது.
மற்றது செத்த மீன்.

போன நீர் திரும்பவில்லை.
வழியில் எங்கோ
காற்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.
ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப் அதை இடித்துக்கொண்டு போகும்,
காலை எடுத்தால்
மறுபடி அது வழியை அடைத்துக்கொள்ளும்.

எப்படி உள்ளே வந்தது?
அதைக் கேட்காதவன் மெக்கானிக் இல்லை.
ஆயில் மூடியின் அடியில் பால்நுரை இல்லை,
கேஸ்கட் தப்பியது, அவன் பணமும் தப்பியது.
முதுகைப் பனியில் கிடத்தி டார்ச் அடித்தேன்.
ஒரு கிளாம்பின் கழுத்தில் பச்சை உப்புப் பூத்திருந்தது.
மாதக்கணக்கில், சொட்டுச் சொட்டாய்.
"குறைந்ததற்கு என்ன ஊற்றினாய்?"
"தண்ணீர்."
"இந்தக் குளிரிலா?"
தொப்பியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான்.

எஞ்சின் ஆற வேண்டும்.
சூட்டோடு மூடியைத் திறந்த ஒருவரின் முகம்
எனக்குத் தெரியும்.
தேநீர் ஊற்றினேன்.

கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்:
வெள்ளிக்கிழமை. டோலோன் கணவாய். இருட்டப்போகும் நேரம்.
சாலையோரம் ஒரு பெண், கையில் மூட்டை.
மூட்டையில் அசைவு.
என் பின்னால் பதினான்கு பேர்,
அப்போதுதான் அவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள்,
கால்விரல் சூடேறினால்தானே பேச்சு வரும்.
நின்றால் குளிரும்.
நிற்கவில்லை.

"அடுத்த வண்டி ஏற்றியிருக்கும்" என்றேன்.
"கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.
அடுத்த வண்டி வரவில்லை."

பிறகு, "ஹீட்டர் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்"
என்று தொடங்கி, விட்டுவிட்டான்.
இரண்டு குழாயைத் தொட்டு எது சுடுகிறது என்று சொல்வேன்.
இதில் எதைத் தொடுவது?

தண்ணீரை வடித்தேன். கிளாம்பை மாற்றினேன்.
பட்டறைக்குப் பின்னால் ஒரு மேடு,
வேனின் மூக்கு வானம் பார்க்க ஏற்றச் சொன்னேன்.
காற்றை விரட்ட முடியாது,
உயரம் காட்டினால் தானாகப் போகும்.
புதிய கூலன்ட். மூடி திறந்தபடி. ஹீட்டர் முழுச்சூட்டில்.
டேஷ்போர்டுக்குள் களக், களக்.
ஒரு குமிழி, மட்டம் சரிந்தது, ஊற்றினேன்.
இன்னொன்று, ஊற்றினேன்.
மூன்றாவது, கல்யாண விருந்துக்குப் பிறகு வரும் ஏப்பம்.
அப்புறம் சத்தமே இல்லை.
மீன் என் கைக்குள் மெல்லச் சுட ஆரம்பித்தது.

மூடியை இறுக்கினேன்.
அவன் உள்ளே ஏறி உட்கார்ந்தான். கிளம்பவில்லை.
ஐந்து நிமிடம், பத்து நிமிடம்,
எஞ்சின் ஓட, சக்கரம் நிற்க,
கண்ணாடிப் பூக்கள் ஒழுகி இறங்கும்வரை.

தட்டினேன். "டீசல் வீணாகிறது."
கண்ணாடியை இறக்கினான்,
வெப்பம் என் முகத்தில் மோதியது.
"அந்த ரோட்டில் யாரை விசாரிப்பது?"

பாதிக் கூலி போதும் என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை. ஆயிரத்து இருநூறு சோம்,
கிளாம்புக்குத் தனி.
வாரம் கழித்து மட்டம் பார் என்றேன்.
கணவாய்க்கு இந்தப் பக்கம்
பனி தள்ளுபவர்களின் கொட்டகை ஒன்று உண்டு என்றேன்,
புகை தெரிந்தால்
நில்.