லோடு

பர்கூர் தாண்டி சென்னை ரோட்டோரம்
எடைமேடையில் இரவு ஷிப்ட் எனக்கு.
காலி வண்டிக்கு ஒரு எடை, லோடு வண்டிக்கு ஒரு எடை,
கழித்தால் வருவது கல்.
ஆறு வருஷமாய் இந்த ஒரே கணக்கு.

சீட்டுகள் பறக்காமலிருக்க மேலே
தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று.
பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது.
அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை.
'பி'யில்தான் தொடங்குகிறது அதன் உலகம்.

மழை பிடித்த ஒரு ராத்திரி
வண்டியே வராமல், 'எல்'லைப் புரட்டினேன்.
லோடு என்றால் சுமை.
தெரிந்ததுதான்.
அடியில் பொடி எழுத்தில்:
ஆயிரம் வருஷத்துக்கு முன்
லோடு என்றால் வழி.

வழி, போக்கு, பயணம்.
அப்புறம் தூக்கிப்போவது.
அப்புறம் தூக்கிப்போகும் பொருள்.
நடந்த கால்களை எங்கோ விட்டுவிட்டு
முதுகில் இருந்ததை மட்டும்
இறக்காமல் வந்திருக்கிறது சொல்.
காந்தக் கல்லுக்கும் துருவ நட்சத்திரத்துக்கும்
அவர்கள் வைத்த பெயர்களில் மட்டும்
பழைய வழி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

மூன்று மணிக்கு ஜெகதேவிக் கல்லோடு
திம்மராயன் வந்தார்,
தலையில் பாலிதீன் பை.
கண்ணாடி ஜன்னலைத் தட்டியவரிடம்
அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"அப்போ லோடுமேனு?"
வழிக்காரர்.
"வழிக்காரனுக்கு டன்னுக்கு எவ்ளோ?"
சிரித்தோம். திரையில் சிவப்பு எண்கள்
நாற்பத்து நாலரையில் நின்றன.
இரண்டரை டன் அதிகம்.
"ஓவர்லோடுன்னு போடாத சார்,
ஓவர் தூரம்னு போடு."

ஈரக் கையால் சீட்டை வாங்கி
நாலாய் மடித்துக்கொண்டே சொன்னார்:
"எம் பொண்ணுக்கு 'ர' வராது.
அப்பா எங்கன்னு கேட்டா
லோட்டுல போயிருக்குதும்பா.
ரோடுன்னு சொல்லுடின்னு
போன வாரம் தலையில குட்டுனேன்."

அப்புறம் எதுவும் பேசவில்லை.
கல்லை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
சங்கிலி சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

வண்டி இறங்கியதும்
கொஞ்சம் ஆடிவிட்டுப்
பூஜ்ஜியத்துக்கு வந்தது மேடை.
அகராதியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி
நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.

பூஜ்ஜியம்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.