நத்தை முறை

வியாழக்கிழமை நத்தை முறை எனக்கு.
கொட்டகைக் கதவில் தொங்கும் அட்டவணையில்
என் பெயரை மூன்று தடவை
மூன்று விதமாய்ப் பிழைவிட்டு எழுதியிருக்கிறார்கள்.
எல்லாம் நான்தான்.

ஓல்டனில், தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே
நகரசபை தந்த பதினாறு பாத்தி.
மழை விட்ட இரவு, பத்தரை மணி.
நெற்றியில் விளக்குக் கட்டி
நானும் ஃப்ரேனியும் குனிகிறோம்.
சலாது இலைக்கு அடியில்
ஓடில்லாத, செங்கல் நிற,
விரல் நீளச் சோம்பேறிகள்.

கொல்லக் கூடாது.
மார்ச் மாதக் கூட்டத்தில்
ஒன்பதுக்கு ஏழாய் வென்ற தீர்மானம்.
தோற்ற ஏழில் ஒன்று என் கை.
ஆனாலும் வாளியைச் சுமப்பது நான்.
நூற்றிப் பதினொன்று என்றாள் ஃப்ரேனி.
முப்பது வருஷம் வங்கியில் இருந்தவள்,
ஒன்றும் தவறாது.

மரப்பாலத்தின் நடுவில்
எதிரே ஒரு நெற்றி விளக்கு.
அக்கரைத் தோட்டத்துக்காரன்.
அவன் கையிலும் மூடி போட்ட வாளி.

நின்றோம்.
கீழே ஆரே ஆறு
யாருக்கும் சாட்சி சொல்லாத வேகத்தில்.
"எத்தனை?" என்றான்.
சொன்னேன்.
"எனக்குத் தொண்ணூறுதான்,"
கொஞ்சம் வெட்கத்தோடு.

அதற்குப் பிறகு
யார் எந்தப் பக்கம் நடந்தோம் என்று
சனிக்கிழமை கேட்பார்கள்.
நல்ல மழை, ஒன்றும் தெரியவில்லை
என்பேன்.