ஒரே ஒரு கை

பூநோம்பி அன்று சாயங்காலம்
குழாயடியில் பாபின்
நாலாவது தடவையாக வாந்தி எடுத்தது.
பின்னங்கால் மடங்கிவிட்டது.
வால் மட்டும் எங்களைக் கண்டு லேசாக ஆடியது,
தொந்தரவு கொடுத்ததற்கு வருந்துவதுபோல.

அனுப்பர்பாளையத்தில் பட்டறைச் சத்தமே இல்லை.
பனியன் கம்பெனிகளுக்கு நாலு நாள் லீவு.
வெட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்,
பிகாஷ் பைக்கை ஓட்டினான்.
பின்னால் மூன்று வண்டி, ஒரு சரக்கு ஆட்டோ.
நோம்பிக்கு வந்த ஒறம்பரையும் ஏறிக்கொண்டது.

டாக்டர் சௌடேஸ்வரி
முறுக்கு மாவுக் கையோடு கதவைத் திறந்தார்.
"யாரோட நாய்?"
பதினோரு வீட்டு ஆட்களும் சுவரைப் பார்த்தோம்.
"சரி. என்ன தின்னுச்சு?"
அதற்கும் சுவர்தான்.
"சொன்னாத்தான் வைத்தியம்."

ரங்கநாயகிதான் ஆரம்பித்தார்:
"சக்கரைப் பொங்கலுங்க, நெய் விட்டு.
ஒரே ஒரு கைதான்."
ஒன்பதாம் வீடு: "நானும் ஒரு கை. முந்தாநாள் வச்சது."
பிகாஷ் தமிழைத் தேடித் தேடி:
"சாக்லேட் பிஸ்கட். கம்பெனி கொடுத்த டப்பா.
நல்லது நினைச்சேன்."
மார்கழியிலிருந்து பேசிக்கொள்ளாத
அஞ்சாம் வீட்டுப் புருசன் பெண்டாட்டி
ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்
வெங்காயக் குழம்புச் சோறு வைத்தது
அங்கேதான் இருவருக்கும் தெரிந்தது.
வெள்ளியங்கிரி பழனிக்கு மாலை போட்டிருந்தார்.
துளசிமணியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுச் சொன்னார்:
"கோழிக் காலு. எலும்போட.
நான் திங்கலீங்க, மச்சான் தின்னது."
வாசலில் நின்ற மச்சான்
'நானா?' என்பதுபோல் பார்த்தான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்:
வெங்காயம் அதோட ரத்தத்தைக் கெடுக்கும்,
வெந்த எலும்பு ஊசியா ஒடையும்,
சாக்லேட் நெஞ்சைப் படபடக்க வைக்கும்.
"அதெல்லாம் பாத்துக்கலாம்.
திராட்சை எத்தனை?"
"அஞ்சாறுதான் போட்டேன், விக்கிற வெலைக்கு"
என்றார் ரங்கநாயகி.
"எங்க வீட்டுல போடறதே இல்லீங்க."
"வாந்தியில மட்டுமே இருபது எண்ணிட்டேன்."

எனக்குத் திராட்சை பிடிக்காது.
நாக்கில் பட்டால் நனைந்த பூச்சி மாதிரி.
மூன்று நாளாக
வீடு வீடாக வந்த கிண்ணங்களில் பொறுக்கி எடுத்து
பொடக்காளியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாக அதன் வாயில் போட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் என் விரலை நக்கியது.
நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

"நாந்தானுங்க."

"கிட்னி" என்றார்.
மேற்கொண்டு எதுவும் சொல்லாமல்
முன்னங்காலில் நரம்பு தேடினார்.

மூன்று ராத்திரி குளுக்கோஸ்.
ஷிப்டு போட்டு உட்கார்ந்தோம்.
அஞ்சாம் வீட்டு ரெண்டு பேரும் ஒரே ஷிப்டு.
என்ன பேசினார்கள், தெரியாது.
நாலாம் நாள் மூத்திரம் போனது.
ஒரு நாய் மூத்திரம் போனதற்கு
பதினோரு வீடும் கை தட்டியது
அந்தத் தெருவுக்கே புதுசு.

பில்லுக்கு ஆளுக்கு ஒரு கை போட்டார்கள்.
சொந்தக்காரர் என்ற கட்டத்தில்
'லைன் வீடு' என்று எழுதிவிட்டார் டாக்டர்.

இந்த வருசம் குழாயடிச் சுவரில்
டைலர் சாக்குக்கட்டியில் எழுத்து:

பாபினுக்கு
வெறுஞ்சோறு.
வேக வெச்ச அரசாணிக்காய், உப்பில்லாமல்.
கறின்னா எலும்பெடுத்து, மசாலா படும் முன்னே.
ஒரு நாளைக்கு ஒரு வீடு மட்டும்.

கீழே பிகாஷ் ஒடியாவில் ஏதோ எழுதியிருக்கிறான்.
அவன் அறையில் புதிதாக வந்த நாலு பையன்களும்
அதைப் படித்துவிட்டுத் தட்டை மறைத்துக்கொள்கிறார்கள்.

இன்றைக்கு என் முறை.
அரசாணிக்காயை மசித்து வைத்தேன்.
நக்கி முடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தது.
ரங்கநாயகி கொடுத்த கிண்ணத்தில்
ஆறு திராட்சை. எண்ணினேன்.
ஆறையும் நானே தின்றேன்.
இன்னமும் பிடிக்கவில்லை.

பாபின் என் விரலையே
பார்த்துக்கொண்டிருந்தது.