சுழற்கோப்பை

கோப்பைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர்.
"மடியிலதானண்ணே இருக்கு" என்றேன்.
திருப்பத்தூரில் ஏறியதிலிருந்து காரைக்குடி வரை
அதன் குளிர்ந்த வயிறு
என் வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது.
போன வருடம் ஜெயித்தவர்கள்
இந்த வருடம் கொண்டுவந்து மேடையில் வைக்க வேண்டும்.
எங்கள் கல்லூரிப் பெயரை மூன்று முறை வெட்டியிருக்கிறார்கள்,
ஒருமுறை கால் போடாமல்.

ஆடாத கோல்கீப்பருக்கு இரண்டு வேலை.
கோப்பை சுமப்பது ஒன்று.
அழகுமீனாளுக்குக் கால்கவசம் கட்டிவிடுவது இன்னொன்று.
கவசம் ஒரு ஜோடிதான்.
இடது காலில் பக்கிள் போய்
ஷூ லேஸால் கட்டுகிறோம்.

லாரித் தண்ணீர் தெளித்த செம்மண்
பத்தே நிமிடத்தில் மறுபடி புழுதி.
பந்தலில் மைக் பிடித்தவர் கல்யாண வீட்டுக்காரர் போல,
பெனால்டி கார்னர் அடிக்க வந்தவளையும்
வருக வருக என்றார்.
பரமக்குடியை இரண்டு கோலில் தாண்டினோம்.
இறுதியில் தேவகோட்டை.

ஒன்றுக்கு ஒன்று.
மூன்றாம் பகுதியில் ஒரு பந்து
அழகுமீனாளின் கழுத்தோரம் பட்டு
அவள் அப்படியே உட்கார்ந்தாள்.
விசில். பி.டி. மிஸ் என் பக்கம் திரும்பினார்.
அவர் வாய் திறப்பதற்கு முன்பே
நான் எழுந்து நின்றிருந்தேன்.

எழுந்தது கால் இல்லை.
இரண்டு வருடமாக
அவள் வியர்வை காய்ந்த தலைக்கவசத்தைப்
பயிற்சிக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்த
ஏதோ ஒன்று.
அதற்குச் சந்தோஷம் என்றுதான் பெயர்.
வேறு பெயர் தேடிப் பார்த்தேன்.

அவள் எழுந்தாள். தோளைச் சுழற்றினாள்.
நான் உட்கார்ந்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலி
இன்னும் சூடாகவே இருந்தது.

கடைசி நிமிடக் கார்னர்.
தேவகோட்டை ஜெனோவா
பின்னங்கை நீவி அடித்தாள்.
இடது கவசத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே
ஒரு பந்துக்குத்தான் இடம் இருந்தது.
ஃபர்ஹானா மட்டையை எறியவில்லை,
தரையில் மெதுவாகப் படுக்க வைத்தாள்.
எனக்கோ லேஸ் மீதுதான் கண்.
அவிழ்ந்திருக்கும்.
நான் கட்டியது.
எழுந்து நின்றவள் கட்டியது.

பாத்திரக்கடைக்காரர் உபயத்தில்
தோற்றவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு.
கோப்பையை நான்தான் மேடையிலிருந்து எடுத்து
ஜெனோவாவிடம் நீட்ட வேண்டியிருந்தது.
கனம் என்றாள் சிரித்துக்கொண்டே.
தெரியும் என்றேன்.

எல்லாம் முடிகிறவரை
அழகுமீனாள் கவசத்தைக் கழற்றவில்லை.
பிறகு காலை நீட்டினாள்.
குனிந்து பார்த்தேன். முடிச்சு அசையவே இல்லை.
நகம் நுழையவில்லை.
பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.
"நல்லாத்தாண்டி கட்டிருக்க" என்றாள்
கழுத்தைத் தடவிக்கொண்டே.

வாயெல்லாம் செம்மண், நறநறவென்று.
திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை
துப்பவில்லை.